பாலனுக்கு முகம் கழுவிய நாள்

மூன்று ராஜாக்கள் திருநாளில் ஒதிலியா வீட்டில் வெட்டின ரொட்டிக்குள் ஒளித்திருந்த சின்னப் பொம்மை என் துண்டில்தான் வந்தது. கடித்த உடனே தெரிந்துவிட்டது. விழுங்கிவிடலாம் என்று பார்த்தேன், பொய்ப்பல்லில் மாட்டிக்கொண்டது. சூடான சாக்லேட்டைக் குடித்து உள்ளே தள்ளப் பார்த்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒதிலியா, "வாயைத் திற, எவரிஸ்தோ" என்றாள். மேசையில் இருந்த எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தார்கள். வேறு வழி இல்லை, திறந்தேன்.

பொம்மை யாருக்கு வருகிறதோ அவன்தான் அந்த வருஷம் அந்த வீட்டுப் பாலனுக்கு ஞானத்தகப்பன். பிப்ரவரி பிறந்ததும் வருகிற மெழுகுவர்த்தித் திருநாளுக்குள் பாலன் என்கிற அந்தக் குழந்தை இயேசு சுரூபத்துக்குப் புதுத்துணி உடுத்தி, அன்று கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் மந்திரித்து வர வேண்டும். வருகிறவர்களுக்கெல்லாம் சோளமாவில் தமாலே அவித்துப் போட வேண்டும். மாவு கிண்டுவதுகூடப் பரவாயில்லை. அடுத்த வீட்டுச் சாமியைக் கையில் வாங்குவதுதான் எனக்குப் பிடிக்காது. உடைந்தால் யார் பதில் சொல்வது?

ஒதிலியா என் மூத்த மகனுக்கு ஞானத்தாய். அதனால் அவள் எனக்குக் கொமாத்ரே, நான் அவளுக்குக் கொம்பாத்ரே. ரத்த உறவென்றால் சண்டை போட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். இதில் அதற்கும் வழியில்லை. அவள் வீட்டுப் பாலன் அவள் அம்மா வைத்துக் கும்பிட்டது. நிலநடுக்கத்தில் வீடு விழுந்தபோது அது ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். புருஷனுடைய போட்டோகூட உள்ளேயே போய்விட்டது. அன்று சுரூபத்தின் இடது கையில் இரண்டு விரல் உடைந்தது, அப்படியே இருந்தது. மெழுகுவர்த்திப் புகை பட்டுப் பட்டு முகம் கறுத்து, மூக்கு எது கன்னம் எது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நான் அதிகம் பார்த்ததும் இல்லை.

அவளுக்கு முட்டி வலி, ரயில் ஏற முடியாது. திருநாளுக்கு ஒரு வாரம் இருந்தபோது பாலனை மஞ்சள் கம்பளித் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"ஸ்டேஷன் மேல இருக்கிற மால்ல பாலன் ஆஸ்பத்திரி போட்டிருக்காங்களாம். விரலை ஒட்டி, துணி உடுத்தித் தர்றாங்களாம். பக்கத்து வீட்டு ரெஃபூஹியோ சொன்னா."

"ஆஸ்பத்திரின்னா எனக்கு ஆகாது, கொமாத்ரே. உள்ள போனது உள்ளபடியே வெளிய வராது."

"அதனாலதான் உன்னை அனுப்பறேன். நீதான் யாரையும் நம்பமாட்டியே. கண்ணை எடுக்காம பார்த்துக்க. எங்க அம்மாவோடது அது. போச்சுன்னா நான் உன் மூஞ்சில முழிக்கமாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை அது.

ரயிலில் ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். எனக்கு இல்லை, துணிமூட்டைக்கு. உட்கார்ந்த பிறகு எட்டிப் பார்த்து, "அட, பாலனா" என்று சிரித்தாள். அவள் மடிக்கூடையிலும் ஒன்று இருந்தது. எதிர் வரிசையில் இரண்டு, கம்பியைப் பிடித்து நின்றவன் கக்கத்தில் ஒன்று. அந்த வாரம் ஊர் முழுக்க அப்படித்தான். கையில் குழந்தையோடு போகிறவர்களில் பாதிக்கு அழாத குழந்தை.

புவேனாவிஸ்தா ஸ்டேஷனோடு ரயில் முடிந்துவிடும். மால் அந்த ஸ்டேஷனின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. ரயிலை விட்டு இறங்கி நேராகத் தெருவுக்குப் போகலாம் என்று நினைத்தால் விடமாட்டார்கள். தள்ளுகிற கூட்டத்தோடு ஏறி, செருப்புக்கடை, போன்கடை, கண்ணாடிக்கடை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வெளிக்காற்று. தெரிந்தே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். நகரும் படியில் கால் வைக்கவே எனக்குப் பயம், கையில் அடுத்தவள் சாமி வேறு. நான் நின்று யோசித்ததில் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

"ஏறுங்க தாத்தா, அது கடிக்காது" என்றான் ஒருத்தன்.

"உன்னைக் கேட்டேனா?"

"கேக்கலை. ஆனா எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

ஏறினேன். கண்ணாடிக்கூரை போட்ட நடுக்கூடத்தில் கடைபோட்டிருந்தார்கள். தட்டிகள் நட்டு, மேலே சிவப்புச் சிலுவை மாதிரி ஒரு போர்டு. வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் பாலன்களை மேசைமேல் வரிசையாகப் படுக்கவைத்து, ஒன்றுக்கு இமைமுடி ஒட்டினார்கள், ஒன்றுக்குக் கால் பூட்டினார்கள். முன்மேசையில் இருந்தவள் பெயர் கிரிசெல்டா என்று கோட்டில் தைத்திருந்தது. நல்ல முகம்தான். நல்ல முகக்காரர்களிடம்தான் நான் கூடுதலாகக் கவனமாக இருப்பேன்.

"விரல் ரெண்டு. அப்புறம் வெள்ளை அங்கி. வேற என்ன தாத்தா செய்யணும்?"

"இந்தக் காசுக்கு என்னெல்லாம் செய்வீங்க?"

"விரல், சுத்தம் பண்றது, இமை, பாலிஷ். எல்லாம் சேர்த்துத்தான். வேண்டாம்னா விட்டுடலாம், விலை அதேதான்."

விலை அதே என்றால் எதற்கு விடுவது? "எல்லாத்தையும் செய். ஒண்ணையும் மிச்சம் பிடிக்காத" என்றேன். பாலனின் காலில் நூலால் ஒரு சீட்டைக் கட்டினாள், அதே எண் உள்ள சீட்டை என்னிடம் கொடுத்தாள்.

"நூலைக் கட்டின கையே அவுக்கும்ல?"

"அவுக்கும். உங்களுக்குக் குடுக்கிறப்ப அவுக்கும்."

"நான் பக்கத்துல நின்னு பார்க்கிறேன்."

"எல்லாரும் நின்னா நாங்க எங்க நிக்கிறது? எதிர்ல பெஞ்சு இருக்கு, அங்க உக்காருங்க. சாமியை யாரும் தின்னுடமாட்டாங்க."

பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் தட்டியின் விளிம்பும் ஒருத்தியின் முழங்கையும்தான் தெரிந்தன. எழுந்து இந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். செருப்புக்கடைக்காரன் நான் செருப்பு வாங்க வந்தேன் என்று நினைத்து அளவு கேட்டான். காவலாளிப் பையன் ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தான்.

"யாரையாவது தேடறீங்களா ஐயா?"

"இல்ல. காவல் காக்கிறேன்."

"அது என் வேலை ஐயா."

"அப்ப செய். அந்த மேசையில என் பாலன் இருக்கு."

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய சுரூபங்களுக்கு இந்த ஊரில் ஆள் அலைகிறார்கள். பழையதை வைத்துக்கொண்டு, அச்சில் வார்த்த புதுசைக் கையில் கொடுத்து அனுப்பினால் யாருக்குத் தெரியும்? அந்த நினைப்பு வந்ததும் எனக்கு மூத்திரம் வந்தது. இந்த வயசில் அதைத் தள்ளிப்போட முடியாது. கக்கூஸ் மேல்மாடியில், சாப்பாட்டுக்கடைகளைத் தாண்டி மூலையில். போனது தெரிந்தது, வரும் வழி தெரியவில்லை. எல்லாத் தாழ்வாரமும் ஒரே மாதிரி, எல்லா மூலையிலும் அதே ஐஸ்கிரீம்கடை. யாரைக் கேட்டாலும் "நேராப் போங்க" என்றார்கள். நேராகப் போனால் சினிமா கொட்டகை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒதிலியாவின் முகம்தான் கண்முன்னால். கண்ணை எடுக்காதே என்றாளே.

ஒருவழியாகத் திரும்பி வந்தபோது கடையின் முன்னால் கூட்டம் நெரிந்தது. சீட்டை நீட்டினேன். கிரிசெல்டா உள்ளேபோய் ஒரு பாலனை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள்.

ரோஜாநிறக் கன்னம், சிவந்த உதடு, கருகருவென்று இமை. வெள்ளை அங்கி. பத்து விரலும் சரியாக. நேற்றுப் பிறந்த மாதிரி என்னைப் பார்த்தது.

"இது என்னோடது இல்ல" என்றேன்.

"உங்களோடதுதான் தாத்தா. சீட்டைப் பாருங்க."

"சீட்டை நான் பார்க்கலை, மூஞ்சியைப் பார்க்கிறேன். நான் குடுத்தது கறுப்பு. இது கடைப்பொம்மை."

"அது புகை. கழுவினோம், போச்சு. நீங்கதானே எல்லாம் செய்யச் சொன்னீங்க."

"ஆளை மாத்தச் சொல்லலை."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மாள், "போன வருஷம் எங்க நாத்தனாருக்கும் இப்படித்தான் ஆச்சு" என்று ஆரம்பித்தாள். இன்னொருத்தி, "உங்க நாத்தனாருக்கு என்னதான் ஆகலை" என்றாள். கூட்டத்தில் பாதி என் பக்கம் சேர்ந்தது, பாதி நகரச் சொல்லிக் கத்தியது. நான் கிரிசெல்டாவின் தோளுக்கு மேலே பார்த்தேன். பின்தட்டில் ஒரு பாலன் கிடந்தது. கறுத்த முகம். இடது கையில் விரல் இல்லை. கையை நீட்டிக் காட்டினேன்.

"அதோ இருக்கு பாரு. அதுதான்."

"அது வேறொருத்தரோடது தாத்தா. இன்னும் கையே வைக்கலை. கால்ல சீட்டு இருக்கு."

"நூல்தானே."

அவள் பெருமூச்சு விட்டாள். "இருங்க, பெரியவரைக் கூட்டிட்டு வர்றேன். அவர்தான் விரல் வச்சார், அவர் சொல்வார்." தட்டிக்குப் பின்னால் போனாள். பெரியவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அவர் கடை, அவர் பேச்சு. நான் மேசையின் ஓரமாக உள்ளே கைவிட்டுக் கறுப்புப் பாலனை எடுத்தேன். தோளில் கிடந்த மஞ்சள் கம்பளியில் சுற்றினேன். கூட்டத்துக்குள் புகுந்து நடந்தேன். ஓடவில்லை. ஓடினால்தான் திருடன் என்பார்கள். என் சொந்தச் சாமானை நான் எடுத்துக்கொண்டு போகிறேன், இதில் என்ன திருட்டு என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

ரயில் நின்றிருந்தது. உட்கார இடமும் கிடைத்தது. சட்டைக்குள் இருந்த தொப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கொமாத்ரேயிடம் எப்படிச் சொல்லலாம் என்று யோசித்தேன். 'உன் சாமியைக் களவாடப் பார்த்தாங்க, நான் விடலை' என்று சொல்ல வேண்டும். ரெஃபூஹியோவும் அங்கே இருக்கும்போது சொல்ல வேண்டும். சந்தோஷத்தில் துணியை விலக்கி முகத்தைப் பார்த்தேன்.

வாய் திறந்திருந்தது. உள்ளே அரிசி மாதிரி பல். பல்லுக்குப் பின்னால், அண்ணத்தில் பதித்த ஒரு சின்னக் கண்ணாடித்துண்டு பளபளத்தது.

ஒதிலியாவின் பேத்தி தவழ்கிற வயசில் பாலனுக்குக் கஞ்சி ஊட்டப் பார்ப்பாள். கஞ்சி எல்லாம் தாடையில் வழியும். அதைத் துடைத்துத் துடைத்து ஒதிலியா திட்டுவாள். வாய் மூடிய பாலன் அது. நான் எத்தனையோ தரம் எதிரே உட்கார்ந்து பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

கதவு மூடப்போகிற மணி அடித்தது. நான் எழுந்து பாய்ந்தேன். கதவு என் முதுகை உரசிக்கொண்டு மூடியது. பிளாட்பாரத்தில் நின்ற ஒரு கிழவி, "குழந்தை தலை, குழந்தை தலை" என்று பதறினாள். தலை பத்திரமாகத்தான் இருந்தது. என் தொப்பிதான் ரயிலோடு போய்விட்டது.

இந்தத் தரம் நகரும் படியைப் பற்றி யோசிக்கவே இல்லை. பாதி ஏறிய பிறகுதான் தெரிந்தது, கீழே இறங்குகிற படியில் மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று. எல்லாரும் என் மேல் மோதிக்கொண்டு இறங்கினார்கள். "பெரியவருக்கு வீட்ல சண்டை போல" என்று ஒருத்தி சொன்னாள். மேலே காவலாளிகள் இரண்டுபேர் கையில் பேசுகிற பெட்டியோடு நின்றார்கள். "பாலனைத் தூக்கிட்டுப் போற வயசான ஆளு" என்று பெட்டி சொன்னது. அந்தக் கூடத்தில் பாலனைத் தூக்கிக்கொண்டு போகிற வயசான ஆள் குறைந்தது இருபதுபேர் இருந்திருப்பார்கள். நான் அவர்களைத் தாண்டிப்போனேன், யாரும் நிறுத்தவில்லை. எனக்கு அதுவும் கோபமாக வந்தது. இவர்களை நம்பியா இவ்வளவு கடையைத் திறந்து வைத்திருக்கிறார்கள்?

கடையின் முன்னால் ஒரு தடியன் நின்றான். லாரிக்காரன் மாதிரி உடம்பு. கையில் வெள்ளை அங்கி போட்ட அந்தப் பாலன். ஒதிலியாவின் பாலன். மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேனே, கறுப்புப் பாலனுக்குச் சொந்தக்காரன் இவன், பிணையாக எடுத்துக்கொண்டான்.

கிரிசெல்டா என்னைப் பார்த்ததும், "வந்துட்டாரு, தொரிபியோ அண்ணே, வந்துட்டாரு" என்றாள். அழுதிருக்கிறாள் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

தடியன் என்னைக் கால்முதல் தலைவரை பார்த்தான். "நீங்கதானா அது."

"நான்தான். இந்தாங்க உங்களோடது. என்னோடதைக் குடுங்க."

"மெதுவா, தாத்தா. முதல்ல நான் பார்க்கணும்."

"என்னத்தைப் பார்க்கிறது? இதுதான் உங்களோடது."

"அதை நீங்க சொன்னா ஆச்சா? கொஞ்சம் முன்னாடி இதுதான் என்னோடதுன்னு எடுத்துட்டுப் போனீங்க. இப்ப உங்களோடதுன்னு குடுக்கிறீங்க. வெளிய போன நேரத்துல மாத்திக் கொண்டுவரலைன்னு எனக்கு என்ன நிச்சயம்?"

என் பேச்சையே எடுத்து என்னிடம் வீசுகிறான். வரிசையில் நின்ற அந்த நாத்தனார்க்காரி, "நியாயம்தானே" என்றாள். சற்று முன்னால் என் பக்கம் பேசியவள் அவள்.

தொரிபியோ ஒதிலியாவின் பாலனை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் தன்னுடையதை வாங்கினான். ஒட்டின விரல் இன்னும் காய்ந்திருக்காது, அவன் கக்கமோ மரம் மாதிரி. "அண்ணே, பார்த்து" என்றேன். என் மகன் வயசு இருப்பான், அண்ணே என்றேன். அவன் காதில் வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிப் பல்லைப் பார்த்தான். கம்பளிக்குள் கையை விட்டு முதுகைத் தடவினான். காதுமடலைக் கீறிப் பார்த்தான். ஒரு கசாப்புக்காரன்கூட அவ்வளவு நேரம் பார்க்கமாட்டான்.

"என்னோடதுதான்" என்றான் கடைசியில். "ஆனா இங்க இதுக்கு ஒண்ணும் செய்யப்போறதில்ல. அழுக்கோட இருந்தாத்தான் எனக்கு அடையாளம் தெரியும்." என்னைப் பார்த்தான். "உங்களைத்தான் பார்த்தேனே."

கம்பளியை உருவி, ஒதிலியாவின் பாலனோடு சேர்த்து என் கையில் வைத்துவிட்டுப் போனான். விரல் உடையவில்லை. அந்தப் பெரியவர், மெலிந்த மனிதர், தட்டிக்குப் பின்னாலிருந்து வந்து விரலை விளக்கில் காட்டி, "உடம்புச் சுண்ணாம்பு பழசு, விரல் மட்டும் புதுசு. நிறம் கலக்கிற இடம் தெரியுதா?" என்றார். நான் குனிந்து பார்த்தேன். தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. வாய் மூடியிருந்தது, அது நிச்சயம். ஆனால் அந்தத் தட்டில் வாய் மூடிய பாலன் இன்னும் எத்தனையோ கிடந்தன. கிரிசெல்டாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். அவள் அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிட்டாள்.

வீட்டில் ஒதிலியா அடுப்படியில் தமாலே சுற்றுவதற்குச் சோளத்தோல் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து துணியை விலக்கினாள்.

"இது யாரோடது?"

"உன்னோடதுதான், கொமாத்ரே."

"எங்க அம்மாவோடது இப்படி இருக்காது."

"புகையைக் கழுவிட்டாங்க."

"யாரு கழுவச் சொன்னா?"

"நான்தான். விலைக்குள்ள இருந்துச்சு."

அவள் ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். திருப்பினாள், கவிழ்த்தாள். "கண்ணை எடுக்காம பார்த்துட்டு இருந்தியா?"

மூத்திரம் போனதைச் சொன்னேன். தொரிபியோவைச் சொன்னேன். தொப்பி போனதைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகிக்கொண்டே போனது.

"பால்காரன் அளக்கிறதையே நம்பமாட்ட. பூசைல சாமியார் குடுக்கிற அப்பத்தையே திருப்பிப் பார்க்கிற ஆளு நீ. இது என்னோடதுன்னு நீ எப்படி நம்பற?"

"நம்பணும், கொமாத்ரே. இல்லன்னா நான் தொலைச்சுட்டேன்னு ஆயிடும்."

பாலனைப் பீடத்தில் வைத்தாள். வழக்கமாக வைத்தவுடன் நெற்றியில் முத்தம் கொடுப்பாள். அன்று கொடுக்கவில்லை. திருநாள்வரைக்கும் கொடுக்கவில்லை. நான் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு தினமும் போய்ப் பார்த்தேன். ஒருநாள் அவள் நாற்காலியைப் பீடத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கும் ஏற்றவில்லை. மெழுகுவர்த்தி தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். தீரவில்லை என்றாள்.

திருநாளன்று கோயில் வாசலில் தெரு முழுக்கப் பாலன்கள். ஞானத்தகப்பன் நான்தான், நான்தான் தூக்கிக்கொண்டு நின்றேன். ஒரு கையில் பாலன், ஒரு கையில் எரிகிற மெழுகுவர்த்தி. ஒதிலியா பக்கத்தில் நின்றாள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். கூட்டம் முன்னுக்குத் தள்ளியது. என் கை தளர்ந்து பாலனின் தலை பின்னால் சாய்ந்தது.

"அப்படியா பிடிக்கிறது, மடையா" என்றாள் ஒதிலியா. "கழுத்துக்குக் கீழ கையை வை."

வைத்தேன். சரியாக வரவில்லை. மெழுகு அதன் அங்கியில் ஒரு சொட்டு விழுந்தது.

"குடு இங்க."

வாங்கிக்கொண்டாள். தலையைத் தன் முழங்கை மடிப்பில் வைத்து, மெழுகை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அங்கியை இழுத்துக் காலை மூடினாள். தீர்த்தம் அவள் மேலும் பாலன் மேலும் பட்டது. பூசை முடிந்த பிறகும் அவள் திருப்பித் தரவில்லை. ஞானத்தகப்பன்தான் வீடுவரைக்கும் தூக்கிவர வேண்டும், அதுதான் முறை. கேட்டேன்.

"நீ போய்த் தமாலே பானையைப் பாரு. அடி பிடிச்சிருக்கும்" என்றாள். முட்டி வலியோடு எனக்கு முன்னால் நடந்தாள்.

அது அவளுடையதுதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவளிடம் கேட்கமாட்டேன்.